கொரேயா தாய்க்கு வைத்த பாட்டில்

உஸ்பயாத்தா,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் அசுசேனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், நாய் நலம், சிம்னி அடைப்பை எடுத்த பிறகு வீடும் நலம், டிரக் மட்டும் நலமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே ரெசிஃபேயில் நீயும் மாப்பிள்ளை ஜோவாகிமும் பேரன் விசென்தேவும் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் அந்தக் கடற்கரை வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எந்தத் தாயிடம் என்று கேட்காதே, அவர்களில் ஒருத்தியின் முகத்தில் விழிக்கவே இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ முதல் வரியில் சிரிப்பாய், இரண்டாவது வரியில் அழுவாய், மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு கதையை அவள் பங்குக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். எத்தெல்வினா அத்தை உனக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அவள் சொல்கிற கதையில் நான் ஒரு கோயிலைக் கொளுத்திவிட்டேன். பெட்ரோல் பங்கில் சொல்கிற கதையில் நான் குடித்திருந்தேன். சிலே பக்கத்தில் சொல்கிற கதையில் நான் பேண்ட்டோடு ஒன்றுக்குப் போய்விட்டேன். இந்த மூன்றில் ஒன்று கொஞ்சம் உண்மை, எது என்று நான் எழுதப்போவதில்லை. மீதியை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், நம்பினால் நம்பு. உன் அப்பா சொல்வதை இப்போதெல்லாம் யாரும் நம்புவதில்லை, அதுவும் இந்தக் கதையில் ஒரு பகுதிதான்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். குளிர் இந்த வருடம் தலைவிரித்து ஆடுகிறது. குழாய் காலையில் உறைந்துவிடுகிறது, அம்மா கெட்டிலில் வெந்நீர் வைத்து அதன் தலையில் ஊற்றி எழுப்புகிறாள், என்னை எழுப்புவதற்கும் அதே கெட்டிலைக் காட்டுகிறாள். உன் தம்பி ஃபாபியான் மெந்தோசாவில் பழத்தொழிற்சாலை வேலையில் ஒழுங்காக இருக்கிறான், புதிதாக ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறான், பெயர் சொல்ல மாட்டேன் என்கிறான், பெயர் சொல்லாத வரை கல்யாணம் இல்லை என்று அம்மா சொல்கிறாள். சீமைமாதுளை ஜாம் உனக்காக எடுத்து வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை நான் தெரியாமல் தின்றுவிட்டேன், தெரியாமல் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். சிம்னி அடைப்பு எடுக்க நான்தான் கூரை ஏறினேன். ஏறினது வரை நன்றாக நடந்தது. இறங்கினதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விசென்தே மார்ச்சில் பிறந்தான். அம்மா ஏப்ரலிலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நான் வரவில்லை. நீ ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்: பனிக்காலத்தில் கணவாயை விட்டுவிட்டு நான் எப்படி வருவது, கற்றுக்குட்டிகள் கையில் அந்தப் பாதையைக் கொடுத்துவிட்டால் சிலேக்காரன் ரொட்டிக்கு மாவு இல்லாமல் தவிப்பான், பனி போகட்டும், அப்புறம் வருகிறேன். நீ அதற்கு, அப்பா, அந்தக் கணவாய் உங்களுக்கு முன்னாடியே அங்கதான் இருந்துச்சு, என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். உண்மையில் எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது, நான் இல்லாவிட்டால் ஆண்டீஸ் மலையில் போக்குவரத்தே நின்றுவிடும் என்கிற அந்தப் பேச்சு. என் டிரக்கின் ரேடியோவில் அதை நான் சொல்லாத நாளே கிடையாது. பிரேக் இல்லாமல் காரகோலெஸ் வளைவுகளை ரிவர்ஸில் இறங்கினேன் என்பேன். ஒரு பூமா பனிக்குப் பயந்து என் வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறிச் சுங்கச்சாவடியில் இறங்கிக்கொண்டது என்பேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நான் கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். பனியில் நாள்கணக்காக வரிசையில் நிற்கிற டிரைவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, நீயே சொல்.

போன வாரமும் அப்படித்தான் கணவாய் மூடிக் கிடந்தது. ஊருக்கு வெளியே டிரக்குகள் வால் நீண்டு நின்றன, நாங்கள் வண்டி ஓரத்தில் கரி மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டும், மாத்தே இலைத் தேநீர் குடிக்க ஒரே குழலை நாலு பேர் சுற்றவிட்டு ஒருத்தர் சளியை ஒருத்தர் வாங்கிக்கொண்டும் இருந்தோம். சளி எனக்கு முழுசாக வந்து சேர்ந்தது. மூக்கு அடைத்து, சாப்பிடுவது இறைச்சியா செருப்பா என்று தெரியாத நிலை. அந்த நிலையில்தான் பாதை திறந்தாச்சு என்று எல்லைக் காவல் ஜென்டார்ம்கள் சொன்னார்கள். நான் வீட்டுக்கு ஓடி வந்து பையை எடுத்தேன். அம்மா இரண்டு பெரிய சோடா பாட்டில் தயாராக வைத்திருந்தாள், ஒன்றில் மண்ணெண்ணெய், குளிரில் டீசல் கட்டிதட்டாமல் இருக்க டாங்கியில் கலப்பதற்கு, இன்னொன்றில் தண்ணீர், பொல்வரேதாஸ் தாண்டிச் சாலையோரம் இருக்கிற கொரேயா தாயின் மாடத்தில் வைப்பதற்கு. "மண்ணெண்ண பாட்டில்ல ஒரு சிவப்புத் துணி கட்டித் தரேன், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "என் பாட்டில் எனக்குத் தெரியாதா, நான் என்ன குருடனா, துணியெல்லாம் கட்டினா பசங்க சிரிப்பானுங்க" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டதற்குத்தான் அவள் இப்போது தினமும் என்னிடம் வட்டி வசூலிக்கிறாள்.

மாடம் உனக்குத் தெரியும், சின்னப் பெண்ணாக என்னோடு வரும்போது நீயே இறங்கி எத்தனை பாட்டில் வைத்திருக்கிறாய். கணவனைத் தேடிப் பாலைவனத்தில் நடந்து தாகத்தில் செத்த அந்தப் புண்ணியவதிக்குத் தண்ணீர் வைக்காமல் எந்த டிரைவரும் மலை ஏறுவதில்லை. நானும் இறங்கினேன். பனி முகத்தில் ஊசியாகக் குத்துகிறது, கையில் கையுறை, மூக்கில் உணர்வில்லை, சீட்டுக்கடியில் இருந்து கைக்கு வந்த பாட்டிலை எடுத்து மற்ற பாட்டில்களோடு வைத்தேன், தொப்பியைக் கழற்றினேன், தாயே என் குடும்பத்தைப் பார்த்துக்கொள் என்றேன், ஏறி மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினேன். ரொம்ப பக்தியாகத்தான் செய்தேன். அதைத்தான் இப்போது நினைக்கவே முடியவில்லை.

கொஞ்ச தூரம் ஏறியதும் மேலே பனி வாரும் வண்டி வேலை செய்கிறது என்று எங்களை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பின்னால் கிரிசெல்தாவின் டிரக். புதிதாக வந்த பெண், சான் ரஃபாயெல்காரி, வளைவுக்கு வளைவு ஜபம் சொல்கிறமாதிரி மெதுவாக ஓட்டுவாள், நான் அவளை ரேடியோவில் கிண்டல் செய்து செய்து அதற்கென்றே ஒரு ராகம் வைத்திருந்தேன். நிற்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று நான் இறங்கி, அனுபவசாலி எப்படி வேலை செய்வான் பார் என்று அவளுக்குக் கை காட்டிவிட்டு, மீதி இருந்த பாட்டிலை டாங்கியில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். சொட்டு விடாமல் குலுக்கியும் ஊற்றினேன். பிறகு பனி பலத்தது. எங்களுக்குக் கீழே வந்த கார்களையெல்லாம் மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வெகுநேரம் அப்படியே நின்றோம். நகரலாம் என்று சொன்னபோது நான் கியர் போட்டேன், வண்டி ரெண்டு முறை இருமியது, எனக்கே இருமல் தொற்றியதுபோல மூன்றாவது முறையும் இருமிவிட்டு அடங்கிவிட்டது, அதுவும் நட்டநடு ஏற்றத்தில், எனக்குப் பின்னால் இருக்கிற அத்தனை வண்டியையும் அடைத்துக்கொண்டு.

இறங்கி ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே ஐஸ். டீசல் ஃபில்டரில் ஐஸ் எப்படி வரும் என்று ஒரு நிமிடம் முட்டாள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன், மாதிரி என்ன மாதிரி. பிறகு காலி பாட்டிலைத் திறந்து அடியில் ஒட்டியிருந்த சொட்டை நாக்கில் விட்டேன், எரிச்சலும் இல்லை, எண்ணெய்ப் பிசுபிசுப்பும் இல்லை. தண்ணீர். முதலில் எனக்கு வந்தது கோபம், டிரக் முதலாளி தோன் செஃபெரினோவின் முகம் கண்முன் வந்தது, பம்ப் போச்சு, இஞ்செக்டர் போச்சு என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். இது தண்ணீர் என்றால் அங்கே வைத்தது என்ன என்கிற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. அசுசேனா, அது வந்தபோது எனக்குக் காலுக்குக் கீழே பனியே இல்லாத மாதிரி இருந்தது. அந்த மாடத்துத் தண்ணீரை வழிப்போக்கர்கள் எடுத்துக் குடிப்பார்கள். தாகமென்றால் தாயிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், பிறகு ஒரு நாள் திருப்பி வைத்தால் போதும், நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் அது.

ஏறி உட்கார்ந்து, எவனும் அதைத் தொட்டிருக்க மாட்டான், அத்தனை பாட்டில் இருக்கிறதே, அதையா எடுக்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் ரேடியோவில் நிபால்தோவின் குரல் வந்தது. நிபால்தோவை உனக்குத் தெரியும், லோஸ் ஆந்தெஸ் ஊர்ச் சிலேக்காரன், தொப்பையும் தொப்பியுமாக வருவானே, அவன்தான், கார்களோடு கீழே மாடத்துப் பக்கம் மாட்டிக்கொண்டவன். "கேளுங்கப்பா, எல்லாரும் கேளுங்க, இங்க கொரேயா தாய் ஒரு அதிசயம் பண்ணியிருக்கா" என்கிறான், குரலில் அழுகை. "அத்தன பாட்டிலும் கல்லா உறைஞ்சு கெடக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் உறையாம, தளதளன்னு தண்ணியா நிக்குது. ரொசாரியோலேர்ந்து வந்த ஒரு பொண்ணு, கைக்கொழந்த, பால்மாவு கலக்கத் தண்ணி தீந்துபோச்சுன்னு தவிச்சிட்டு இருந்துச்சு. நான் பனிய உருக்கித் தரேன்னு அடுப்பெடுத்துட்டுப் போனேன், பாத்தா தாயே குடுத்துட்டா." அத்தனை பாட்டில் இருக்கும்போது என்னுடையதையா எடுப்பார்கள் என்று நான் நினைத்தேனே, அந்தக் குளிரில் உறையாமல் இருந்ததே என்னுடையது ஒன்றுதான். மண்ணெண்ணெய் எங்கே உறையும்.

நான் பட்டனை அமுக்கி, "நிபால்தோ, அதத் தொடாத, அது தண்ணி இல்ல, மண்ணெண்ண, நான்தான் மாத்தி வச்சுட்டேன்" என்று கத்தினேன். சளியில் குரல் வாத்து மாதிரி வந்தது. மலை முழுக்கச் சிரிப்பு. "வந்துட்டாருய்யா, பூமாவுக்கு லிஃப்ட் குடுத்தவரு" என்றான் ஒருவன். "ஏண்ணே, சாமி பண்ற அதிசயத்துக்கும் நீங்கதான் ஓனரா, அதையாவது அவளுக்கு விட்டுக் குடுக்கக் கூடாதா" என்றான் இன்னொருவன். நான் சத்தியம் செய்தேன், அம்மா மேல் செய்தேன், உன் மேல் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர்களுக்குச் சிரிப்பு கூடியது, ஏனென்றால் பூமா கதைக்கும் நான் இதே சத்தியங்களைத்தான் செய்திருந்தேன். நிபால்தோ பதிலே சொல்லவில்லை. சொல்லிவிட்டு இறங்கி அதிசயத்தைப் பார்க்கப் போய்விட்டான் என்று புரிந்தது.

கிரிசெல்தா என் கதவைத் தட்டினாள். ஏறி நின்று என் முகத்தைப் பார்த்து, "அண்ணே, இது நெஜமா" என்று மட்டும் கேட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, டாங்கியில் ஊற்றின காலி பாட்டிலை நீட்டினேன். முகர்ந்தாள், மண்ணெண்ணெய் வாடையே இல்லை. முகம் மாறிவிட்டது. "நீங்க போங்க, எறக்கம்தான, சீக்கிரம் போயிடலாம், நான் ரேடியோவ விடாம கத்திக்கிட்டே இருக்கேன், யாராவது ஒருத்தன் கேப்பான்" என்றாள். இத்தனை நாளாக நான் ராகம் போட்டுக் கிண்டல் செய்தவள் அன்று என்னிடம் ஒரு கேள்விக்கு மேல் கேட்கவில்லை.

நான் ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இந்த உடம்பையும் முழங்காலையும் வைத்துக்கொண்டு ஓடவில்லை, முதல் வளைவு வரை நடந்தேன், அதற்கப்புறம் விழுந்தேன், விழுந்ததில் கொஞ்ச தூரம் உட்கார்ந்தபடியே போனேன், அது நடப்பதைவிட வேகமாக இருந்ததால் எழுந்திருக்க அவசரப்படவில்லை. வரிசையில் நின்ற டிரக்குகளின் கண்ணாடி வழியே டிரைவர்கள் பார்க்கிறார்கள், ஒரு கிழவன் பேண்ட் பின்பக்கத்தால் ஆண்டீஸைத் துடைத்துக்கொண்டு போகிறான் என்று, ஒருவன் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினான். என் மனதில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் செத்துக் கிடந்தபோது அவள் குழந்தை மட்டும் அவள் மார்பில் பால் குடித்து உயிரோடு இருந்ததாம், அதற்காகத்தான் அவளைக் கும்பிடுகிறோம். அவள் காலடியில் ஒரு குழந்தைக்கு விஷத்தை வைத்துவிட்டு, என் குடும்பத்தைப் பார்த்துக்கொள் என்று வேறு கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். தாயே, அந்தக் குழந்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது, என் வண்டி போகட்டும், வேலை போகட்டும், என்று உளறிக்கொண்டே போனேன். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போய்ச் சேர்ந்தபோது மாடத்தைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள். பாட்டிலை நடுவில் வைத்து, பக்கத்திலேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அந்தப் பெண் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் தோளில் போர்வைக்குள் குழந்தை சிணுங்குகிறது. நிபால்தோ சின்ன அடுப்பில் கெட்டிலைத் தயாராக வைத்துக்கொண்டு மூக்கு ஒழுக நிற்கிறான். ஜெபம் முடிந்தது, ஆமென் சொன்னார்கள், அந்தப் பெண்ணின் புருஷன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், பாட்டிலை எடுத்து மூடியில் கை வைத்தான். நான் வேண்டாம் என்று கத்தினேன், குரலே வரவில்லை. அதனால் போய் அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. நான் இழுக்க அவன் இழுக்க, நிபால்தோ என் காலரைப் பிடித்துக்கொண்டு "டேய், சாமி சொத்துடா, கை வைக்காத, அர்ஜென்டினாக்காரன் புத்திய காட்டாத" என்கிறான். பேசிப் புரியவைக்கத் தொண்டையில் ஒன்றும் இல்லை. கழுத்தில் இருந்த மஃப்ளரை உருவி, மூடியைத் திருகி அதன் மேல் ஊற்றி, தள்ளிப்போய்ப் பனியில் போட்டு, அந்தப் பாட்டிலுக்கு ஏற்றியிருந்த அதே மெழுகுவர்த்தியால் பற்றவைத்தேன். மஃப்ளர் எரிந்தது. பனிக்கு நடுவில், கரும்புகையோடு, நன்றாக எரிந்தது. உன் அம்மா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னிய மஃப்ளர் அது, அதைப் பற்றி அவளிடம் நீ பேச்செடுக்காதே.

நிபால்தோ எரிகிற மஃப்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "அப்போ அதிசயம்" என்றான். "என்னுது" என்றேன். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நான் நின்றேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் எழுந்து வந்தாள். அவள் புருஷன் நடுங்கிக்கொண்டிருந்தான், நிபால்தோ உறைந்த பாட்டில் ஒன்றைக் கல்லில் உடைத்து ஐஸைக் கெட்டிலில் போட ஆரம்பித்துவிட்டான், பால் பாட்டிலைக் கழுவ அவளுக்குக் கை வேண்டும், சும்மா நின்றது நான் ஒருத்தன்தான். "கொஞ்சம் புடிங்க" என்று சொல்லிக் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

என்னிடம், அசுசேனா. கை முழுக்க மண்ணெண்ணெய். வேண்டாம்மா, என் கையைப் பாருங்க என்று சைகை காட்டினேன். அவள் காத்திருக்கவில்லை, வைத்துவிட்டாள். நான் ஜாக்கெட்டைத் திறந்து முழங்கைகளால் மட்டும் அணைத்து, இரண்டு உள்ளங்கையையும் குழந்தை மேல் படாமல் அந்தரத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், சரணடைந்த திருடன் மாதிரி. பால் தயாராகும் வரை அப்படியே நின்றேன். கை மரத்துப் போனது. அது அழுகையை நிறுத்திவிட்டு என் மீசையைப் பார்த்தது, பிறகு என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டு தூங்கியது. பெயர் பெனிசியோவாம், நாலு மாதமாம், மார்ச்சில் பிறந்தவனாம். நான் அழுதேன். என்னடா என்று நிபால்தோ கேட்டான், மண்ணெண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். முதல் தடவையாக என் பொய்யை அவன் நம்பின மாதிரி நடித்தான். என் பேரனை இன்னும் நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், யாரோ ஒருத்தர் பிள்ளையைக் கொல்லப் பார்த்த பிறகுதான் ஒரு பிள்ளையைத் தூக்குகிறேன் என்று இருந்தது எனக்கு. எழுதும்போதும் இருக்கிறது.

நான் ஏதோ உயிர் காத்த வீரன் என்று நீ மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. அன்று சாயங்காலம் கிரிசெல்தா சொன்னாள், "அண்ணே, மூடியத் தெறந்த ஒடனே அவங்களுக்கே வாட அடிச்சிருக்கும், உங்கள மாதிரி எல்லாருக்கும் மூக்கு செத்துப்போச்சா என்ன." நியாயமான பேச்சு. ஆண்டீஸ் மலையிலேயே மண்ணெண்ணெய் வாடை தெரியாத ஒரே ஆள் நான்தான் என்றால் நான் உட்கார்ந்து வந்த அந்த வழியெல்லாம் வீண். இருக்கலாம். நிபால்தோவின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அந்தக் கண்ணாடிப் பையன் பாதி விறைத்திருந்தான், அதிசயம் என்று நம்பிவிட்டவர்களுக்கு மூக்கு எங்கே வேலை செய்யும் என்று நான் பதில் சொல்லிப் பார்த்தேன், சொல்லும்போதே எனக்கு நிச்சயமில்லை. எதுவாக இருந்தாலும், போகாமல் உட்கார்ந்திருந்தால் இன்று நான் உனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். யாருக்கும் எழுதியிருக்க மாட்டேன்.

பின்கதை சுருக்கம். என் டிரக்கை இழுத்து ஓரம் கட்டும் வரை இரண்டு நாட்டு வியாபாரமும் எனக்காக நின்றது, அந்த அளவுக்கு நான் முக்கியமானவன் என்பது ஒருவழியாக நிரூபணமாகிவிட்டது. பிறகு என் வண்டி இல்லாமல் எல்லோரும் சுகமாக எல்லைச் சுரங்கப்பாதையைத் தாண்டிப் போய்விட்டார்கள். கிரிசெல்தாதான் முதலில் போனாள், அதே மெதுவான வேகத்தில், ஒரு சின்ன வழுக்கல்கூட இல்லாமல். சிலேக்காரர்களுக்கு மாவு போய்ச் சேர்ந்தது. எனக்கு இப்போது பெயர் மண்ணெண்ணெய்ச் சாமி. டீக்கடையில் நுழைந்தால் ஒருவன் எழுந்து தொப்பியைக் கழற்றுகிறான், இன்னொருவன் மெழுகுவர்த்தி கேட்கிறான். பெட்ரோல் பங்க் பையன் என்னிடம் ஆசி வாங்காமல் யார் வண்டிக்கும் டீசல் போடுவதில்லை. தோன் செஃபெரினோ டாங்கியைத் திறந்து பார்த்தார், மூடினார், "வண்டி சரியாகற வரைக்கும் என் கண்ணுல படாத, அன்செல்மோ" என்றார். மெக்கானிக் ஆகஸ்ட் ஆகும் என்கிறான். அதனால், பேரனுக்காக நான் கணவாயைத் துறந்தேன் என்றெல்லாம் நீ பெருமைப்பட வேண்டாம். கணவாய்தான் என்னைத் துறந்துவிட்டது. ஆனால் அவர் அப்படிச் சொல்லாவிட்டாலும் நான் அன்றைக்கே லீவு கேட்டிருப்பேன், இதை மட்டும் நீ நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், இதற்கு நான் சத்தியம் செய்யப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை மெந்தோசாவில் பஸ் ஏறுகிறேன். சாவோ பாலோவில் மாறி ரெசிஃபே வர வேண்டும், வழியெல்லாம் யாரோ ஒருத்தன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வர வேண்டும், கியர் மாற்றுவதைப் பற்றி டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அம்மா எழுதி வாங்காத குறை. அவள் வரவில்லை, நாயையும் குழாயையும் யார் பார்ப்பது என்கிறாள், நான் போனால் வீடு கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றும் சொல்கிறாள். ஜாம் கொண்டு வருகிறேன், எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள், உப்பு டப்பாவிலும் ஒட்டிவிட்டாள். நீ வேலை வேலை என்று தூங்காமல் இருக்காதே, மாப்பிள்ளையை ராத்திரியில் ஒரு தடவையாவது எழுந்து பிள்ளையைப் பார்க்கச் சொல், உப்புக் காற்றில் தலையில் துணி இல்லாமல் அவனை வெளியே கொண்டு போகாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், உங்கள் வீட்டுக்குள் நோயும் சண்டையும் வழி தெரியாமல் போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். எலுமிச்சை போட்டுத் தேய்த்துவிட்டேன், சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன், சளி போய் மூக்கு திறந்த நாளிலிருந்து இந்தக் கையில் மண்ணெண்ணெய் வாடை எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, அம்மா ஒன்றும் இல்லை என்கிறாள், எனக்கு வருகிறது. வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிப்பிடிக்காதே. முதலில் சோப்பைக் கொடு, நன்றாகக் கழுவிக்கொள்கிறேன், நீயே முகர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல். பிறகு விசென்தேவை என் கையில் கொடு, மகளே, இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொள்கிறேன், கொஞ்ச நேரம் திருப்பிக் கேட்காதே.

உன் அப்பா,
அன்செல்மோ குவாஹார்தோ